நிர்வாகிகள் இருக்கும்போது நடுவர் குழு எதற்கு?

கேள்வி இதுதான்: விக்கிப்பீடியா போல தன்னார்வலர்கள் கூடி நடத்தும் இணையத் தளங்களில் சண்டை வந்தால் தீர்த்துவைக்க நிர்வாகிகள் இருக்கிறார்களே, தனியாக ஒரு நடுவர் குழு எதற்கு? அது உண்மையில் என்ன செய்கிறது? நாற்பது ஐம்பது பேர் இயங்கும் ஒரு சின்னக் குழுவுக்கு அப்படி ஒன்று தேவையா?

நிர்வாகியின் கையில் இருப்பது ஒரு பொத்தான். கட்டுரையைக் கெடுக்க வந்தவனைத் தடுக்க அது போதும். ஒரு நிமிட வேலை. பொத்தான் உதவாத இடங்கள் மூன்று. ஒன்று, பத்து வருடம் உழைத்த இரண்டு பேர் மோதிக்கொள்வது. இருவர் பின்னாலும் ஆட்கள் இருப்பார்கள். ஒரு நிர்வாகி ஒருவரைத் தடுத்தால் இன்னொரு நிர்வாகி விடுவிப்பார். இரண்டு, புகாரே நிர்வாகியின் மேல் வருவது. மூன்று, பொதுவில் பேச முடியாத தகவல் கலந்த விவகாரம்: ஒருவரின் உண்மைப் பெயர், பணியிடம், தனி மின்னஞ்சலில் வந்த மிரட்டல் போன்றவை. நடுவர் குழு இந்த மூன்றுக்காகத்தான். மற்ற எல்லாவற்றுக்கும் அதை இழுத்தால் குழுவும் கெடும், சமூகமும் சோம்பேறியாகும்.

நன்றாக ஆவணப்படுத்தப்பட்ட உதாரணம் ஆங்கில விக்கிப்பீடியாவின் நடுவர் குழு. தொடக்கத்தில் கடைசித் தீர்ப்பு விக்கிப்பீடியாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ் கையில் இருந்தது. ஆட்கள் பெருகியதும் ஒரே மனிதர் எல்லாச் சண்டையையும் படித்துத் தீர்ப்பது நடக்காத காரியமாயிற்று. 2003 டிசம்பரில் குழுவை அறிவித்தார். 2004 தொடக்கத்தில் அது வேலையை ஆரம்பித்தது. இப்போது 15 இடங்கள். ஆண்டுதோறும் நவம்பர், டிசம்பர் வாக்கில் தேர்தல், இரகசிய வாக்கு. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்று மூன்று தெரிவுகள் உண்டு. நடுநிலையை ஒதுக்கிவிட்டு ஆதரவின் விழுக்காட்டைக் கணக்கிடுவார்கள். 60 விழுக்காடு தாண்டினால் இரண்டாண்டுப் பதவி கிடைக்கும். இடம் மிஞ்சியிருந்தால் 50 முதல் 60 வரை பெற்றவருக்கு ஓராண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ பாதி இடங்கள்தான் காலியாகும். அதனால் பழைய வழக்குகளை நினைவில் வைத்திருப்பவர்கள் ஏறத்தாழ பாதிப் பேர் எப்போதும் உள்ளே இருப்பார்கள். நான் பார்த்தவரை புதிதாகக் குழு அமைப்பவர்கள் முதலில் மறப்பது இதைத்தான். எல்லோரையும் ஒரே நாளில் மாற்றினால் அடுத்த நாள் யாருக்கும் எதுவும் தெரியாது.

இந்தக் குழு எதைத் தீர்க்காது என்பதை இனிச் சொல்ல வேண்டும். கட்டுரையில் எந்த வாக்கியம் இருக்கவேண்டும், எந்தப் பெயர் சரி என்பதைப் பற்றி அது தீர்ப்புச் சொல்லாது. ஆட்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை மட்டுமே பார்க்கும்.

போலந்தின் க்டான்ஸ்க் நகரத்தை எடுத்துக்கொள்வோம். ஜெர்மானியர்களுக்கு அது டான்சிக். எந்தப் பெயரை எழுதுவது என்று நீண்ட காலம் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டார்கள். 2005இல் சமூகமே வாக்கெடுத்து முடிவு செய்தது: 1308 முதல் 1945 வரையான காலத்தைப் பேசும்போது டான்சிக், அதற்கு முன்னும் பின்னும் க்டான்ஸ்க். ஜெருசலேம் கட்டுரையின் முதல் வரி இதைவிடக் கடினமான விஷயம். அந்த நகரம் இஸ்ரேலின் தலைநகரம் என்று எழுதலாமா கூடாதா என்பதில் பல வருடங்கள் ஓடின. 2012 டிசம்பரில் நடுவர் குழு தலையிட்டது. ஆனால் வரி எப்படி இருக்கவேண்டும் என்று அது ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒழுங்கான ஒரு விவாதம் நடத்துங்கள், சம்பந்தமில்லாத மூன்று பேர் அதை வாசித்து முடிவு எழுதட்டும், அந்த முடிவு மூன்று ஆண்டுகளுக்குக் கட்டுப்படுத்தும் என்று வழியை மட்டும் போட்டுக்கொடுத்தது. 2013இல் அப்படியே நடந்து முடிந்தது.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? பதினைந்து பேருக்கு எல்லாப் பாடமும் தெரியாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் தேர்தலில் இருக்கிறது. குழு உள்ளடக்கத்தைத் தீர்க்க ஆரம்பித்தால், அடுத்த தேர்தலில் ஒவ்வொரு தரப்பும் தன் கருத்துக்காரரை நிறுத்தும். அதன்பின் அது நடுவர் குழுவாக இருக்காது, கட்சிகள் மோதும் சபையாகிவிடும்.

இந்தக் குழுவிடம் போவதற்கு முன் ஏறவேண்டிய படிகள் பல. முதலில் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் பேசவேண்டும். இருவருக்குள் மட்டுமே தகராறு என்றால் மூன்றாமவர் ஒருவரின் கருத்தைக் கேட்கலாம். அதற்கும் மேலே, பொதுக் கருத்துக்கேட்பு. வழக்கமாக 30 நாள் திறந்திருக்கும். நடத்தைப் பற்றிய புகாரென்றால் நிர்வாகிகள் பார்க்கும் அறிவிப்புப் பலகை. இடையில் சமரசக் குழு என்றும் ஒன்று இருந்தது. இரு தரப்பும் சம்மதித்தால்தான் அது அமர முடியும். சண்டை முற்றிய பிறகு யார் சம்மதிப்பார்கள்? பெரும்பாலான விண்ணப்பங்கள் வாசலிலேயே நின்றுபோயின. 2018இல் அதை மூடிவிட்டார்கள். சமரசம் சண்டையின் முதல் வாரத்தில் பலிக்கும், ஆறாவது மாதத்தில் பலிக்காது. குழு அமைப்பவர்கள் சமரசத்தை முதல் படியில் வைக்கவேண்டும், கடைசிக்கு முந்தைய படியில் வைத்துப் பயனில்லை.

வழக்கு எப்படி நடக்கிறது? விண்ணப்பம் 500 சொல்லுக்குள் இருக்கவேண்டும். யார் யார் தரப்பு, முன்பு என்னென்ன முயற்சி செய்தீர்கள், ஏன் பலிக்கவில்லை என்பதை அதில் காட்டவேண்டும். நடுவர்கள் ஒவ்வொருவராக ஏற்கலாம், வேண்டாம் என்று வாக்களிப்பார்கள். ஏற்பவர்கள் மறுப்பவர்களைவிட நான்கு பேர் அதிகமாக இருந்தாலோ, மொத்தத்தில் பெரும்பான்மை ஏற்றாலோ வழக்கு திறக்கும். இந்த வடிகட்டி மிக முக்கியம். வருவதையெல்லாம் எடுத்துக்கொள்ளும் குழு மூன்றே மாதத்தில் மூச்சுத் திணறிப்போகும்.

திறந்தபின் சாட்சியத்துக்கு இரண்டு வாரம், அலசலுக்கு ஒரு வாரம், வரைவுத் தீர்ப்புக்கு ஒரு வாரம் என்பது வழக்கமான கால அட்டவணை. பெரிய வழக்குகளில் இது நீளும். சாட்சியத்துக்கு அளவு உண்டு: தரப்பாகப் பெயர் குறிக்கப்பட்டவருக்குச் சுமார் 1,000 சொல், மற்றவர்களுக்கு 500. அளவு இல்லாவிட்டால் நேரம் அதிகமுள்ளவர் எழுதிக் குவித்தே வென்றுவிடுவார்.

சாட்சியம் என்றால் என்ன என்பதைக் கிட்டே போய்ப் பார்ப்போம். விக்கியில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன் இருந்ததையும் பின் வந்ததையும் அருகருகே காட்டும் வேறுபாட்டுப் பக்கம் ஒன்று தானாகவே இருக்கும். அதற்குத் தனி இணைப்பு, நாள், நேரம் எல்லாம் உண்டு. சாட்சியத்தின் அலகு அதுதான். கற்பனையாக இரண்டு பத்திகள் சொல்கிறேன். முதலாவது: “இவர் எப்போதும் என்னைத் துரத்தித் துரத்தி அவமதிக்கிறார். இது எல்லோருக்கும் தெரியும்.” இரண்டாவது: “மார்ச் 3, மாலை 6:12, பேச்சுப் பக்கத்தில் ‘உனக்குப் படிக்கவே தெரியாதா’ என்று எழுதினார், இணைப்பு. மார்ச் 4, காலை 7:40, நான் சேர்த்த மூன்று சான்றுகளையும் காரணம் எழுதாமல் நீக்கினார், இணைப்பு. அதே நாள் 8:05, அவர் அதுவரை தொட்டிராத வேறொரு கட்டுரையில் என் திருத்தத்தை நீக்கிப் பழையபடி ஆக்கினார், இணைப்பு.” முதல் பத்தியில் உள்ள வலி உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதை வைத்து ஒரு நடுவர் ஒரு வரிகூடத் தீர்ப்பெழுத முடியாது. இரண்டாவதில் மூன்று இணைப்புகள் சேர்ந்து ஒரு போக்கைக் காட்டுகின்றன. மூன்றாவது இணைப்புதான் அதில் கனமானது; துரத்தி வருகிறார் என்ற சொல்லை எழுதாமலே அதை நிரூபிக்கிறது.

தீர்ப்பு ஒரே துண்டாக வராது. முதலில் கொள்கைகள்: பொதுவாக எது நல்ல நடத்தை என்று. அடுத்து, கண்டறிந்த உண்மைகள்: இன்னார் இன்ன நாளில் இதைச் செய்தார் என்று, இணைப்போடு. பிறகு நடவடிக்கைகள். கடைசியில், மீறினால் என்ன என்பது. ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியாக வாக்கு. ஒரு நடுவர் உண்மையை ஒப்புக்கொண்டு தண்டனையை மறுக்கலாம். இது பக்குவமான முறை, ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவரைக் குழப்பும். வீடியோ விளையாட்டு உலகில் பெண்கள் மீதான இணையத் தொல்லையோடு பிணைந்த கேமர்கேட் சர்ச்சை பற்றிய வழக்கு 2015 ஜனவரியில் முடிவதற்கு முன்பே, பாதி வாக்குப் பதிவான வரைவைப் பார்த்துவிட்டுப் பத்திரிகைகள் அதைத் தீர்ப்பென்றே எழுதின. திறந்தவெளியில் வாக்களிக்கும் குழு, ஒவ்வொரு வரைவின் தலையிலும் “இது இன்னும் முடிவல்ல” என்று பெரிதாக எழுதிவைப்பது நல்லது.

நடவடிக்கை என்றதும் தளத்தைவிட்டு வெளியேற்றுவது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குக் கீழே நிறைய இருக்கிறது. எச்சரிக்கை, குறிப்பிட்ட தலைப்பை மட்டும் தொடக்கூடாது என்ற தலைப்புத் தடை, இன்னாரும் இன்னாரும் ஒருவருக்கொருவர் பதில் எழுதக்கூடாது என்ற தொடர்புத் தடை, நிர்வாகி அணுக்கத்தை, அதாவது நிர்வாகிக்குரிய உரிமைகளை, பறிப்பது. தலைப்புத் தடைதான் இவற்றில் அதிகம் பயன்படும் கருவி என்பது என் எண்ணம். ஒரு நாட்டு அரசியல் பக்கத்தில் நெருப்பாக நிற்பவர் பூச்சிகளைப் பற்றியோ ரயில் நிலையங்களைப் பற்றியோ அருமையாக எழுதுவார். அவரை மொத்தமாக விரட்டினால் இரண்டும் போயிற்று.

ஆள் மாறினாலும் சண்டை மாறாத தலைப்புகளும் உண்டு: இஸ்ரேல்-பாலஸ்தீனம், இந்தியா-பாகிஸ்தான், கிழக்கு ஐரோப்பா. அங்கே ஒவ்வொரு சண்டையையும் வழக்காக்குவது வீண். அதனால் குழு முன்கூட்டியே அதிகாரம் கொடுத்துவைக்கிறது: இந்தத் தலைப்பில் சம்பந்தமில்லாத எந்த நிர்வாகியும் உடனே கட்டுப்பாடு விதிக்கலாம், சக நிர்வாகி அதைத் தன்னிச்சையாக நீக்கக்கூடாது. இஸ்ரேல்-பாலஸ்தீனக் கட்டுரைகளில் 30 நாளும் 500 திருத்தமும் முடிக்காத கணக்கு திருத்தவே முடியாது. புதிதாக வருபவருக்கு இது கசப்பான விதிதான். ஆனால் தடுத்தவுடன் வேறு பெயரில் வரும் கைப்பாவைக் கணக்குகளுக்கு எதிராக இதைவிட வேலை செய்த வேறொன்றைக் காட்டுவது கடினம். ஆண்டுக்கு நூற்றை ஒட்டி ஓடிய வழக்குகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு இறங்கியதற்கு இந்த முன்னனுமதி ஒரு பெரிய காரணம்.

எங்கே கெட்டுப்போகிறது? இரகசியம் முதலிடம். 2011இல் குழுவின் உள் மின்னஞ்சல்கள் வெளியே கசிந்தன. தனிப்பட்ட துன்பத்தை நம்பிக்கையோடு எழுதி அனுப்பியவர்களின் கடிதங்களும் அத்தகைய அஞ்சல் பெட்டியில்தான் இருக்கும். அடுத்தது, “இரு பக்கமும் தப்பு” என்ற சோம்பல். பத்து முறை சீண்டப்பட்டு ஒரு முறை வெடித்தவருக்கும் சீண்டியவருக்கும் ஒரே தண்டனை கொடுப்பது பார்ப்பதற்கு நடுநிலை போல இருக்கும். உண்மையில் அது சீண்டியவருக்குக் கிடைத்த வெற்றி. மூன்றாவது களைப்பு. நடுவர்களும் தன்னார்வலர்களே. வேலை முடித்து இரவில் வந்து பல நூறு இணைப்புகளைப் படிக்கிறார்கள். பதினைந்து பேரில் சிலர் எப்போதும் செயலற்று இருப்பார்கள் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் பெரும்பான்மையை இயங்குபவர்களின் எண்ணிக்கையிலிருந்து எடுக்கிறார்கள்.

தளத்தை நடத்தும் நிறுவனத்துக்கும் குழுவுக்கும் எல்லை எங்கே என்பது 2019இல் பெரிதாக வெடித்தது. ஜூன் மாதம் விக்கிமீடியா அறக்கட்டளை ஆங்கில விக்கிப்பீடியாவின் ஒரு நிர்வாகியை நேரடியாக ஓராண்டுக்குத் தடை செய்தது. என்ன குற்றம், யார் புகார் என்று சொல்லவில்லை. புகார் கொடுத்தவரைக் காப்பாற்றவேண்டும் என்ற காரணம் நியாயமானதே. ஆனால் எங்கள் வீட்டு வழக்கை எங்கள் நடுவர்களிடம் ஏன் தரவில்லை என்று சமூகம் கொதித்தது. இருபதுக்கும் மேற்பட்ட நிர்வாகிகள் பொறுப்பை விட்டார்கள். கடைசியில் ஆவணங்கள் நடுவர் குழுவிடம் வந்தன. செப்டம்பரில் குழு தடையை நீக்கியது, ஆனால் நிர்வாகி அணுக்கத்தைத் திருப்பித் தரவில்லை. நிறுவனம் எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்தாலும், தான் தேர்ந்தெடுத்தவர்கள் பார்த்தார்கள் என்ற நம்பிக்கை இல்லாமல் தன்னார்வலர் ஏற்கமாட்டார். அதே சமயம், பொதுவில் சாட்சியம் சொல்ல அஞ்சுபவருக்கு வழி வைக்காத குழுவும் அரைக் குழுதான்.

குழுவே இல்லாத விக்கிகள்தான் அதிகம். தமிழ் விக்கிப்பீடியாவிலும் இல்லை. ஆலமரத்தடி என்ற பொது உரையாடல் பக்கத்திலும் கட்டுரைகளின் பேச்சுப் பக்கங்களிலும் பேசித்தான் முடிக்கிறார்கள். ஒருவருக்கொருவர் நேரில் அறிமுகமான சிறு சமூகத்தில் அது பெரும்பாலும் போதும். ஸ்பானிய விக்கிப்பீடியா தன் குழுவை 2009இல் கலைத்துவிட்டது, தளம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. குரோவேசிய விக்கிப்பீடியாவில் நடந்தது மறுபக்கம்: ஒரு சிறு கூட்டம் நிர்வாகி இடங்களைப் பிடித்து, போலிக் கணக்குகளால் வாக்கெடுப்புகளைச் சாய்த்து, ஏறத்தாழ பத்தாண்டு தளத்தைத் தன் பிடியில் வைத்திருந்ததை அறக்கட்டளை 2021இல் வெளியிட்ட ஆய்வு விவரிக்கிறது. உள்ளூரில் தட்டிக்கேட்க ஆளில்லாதபோது மேலே முறையிட இடம் வேண்டும். 2024 முதல் விக்கிமீடியாவில் அதற்கென்றே எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவாக, நடத்தை நெறிக்கான ஒருங்கிணைப்புக் குழு ஒன்று தேர்தல் வழியே இயங்குகிறது.

விக்கிப்பீடியாவுக்கு நேர் எதிர் அமைப்பு டெபியன், தன்னார்வலர்கள் கூடி உருவாக்கும் ஒரு கட்டற்ற கணினி இயங்குதளம். அதன் தொழில்நுட்பக் குழு நடத்தையை அல்ல, தொழில்நுட்பத்தைத் தீர்க்கிறது. அதிகபட்சம் எட்டுப் பேர். மற்ற வழிகள் அடைபட்ட பிறகே தீர்க்கவேண்டும், ஒரு நிரலாளரின் முடிவை அவர் விருப்பத்துக்கு எதிராக மாற்ற 3:1 பெரும்பான்மை வேண்டும் என்றெல்லாம் அதன் சாசனம் கட்டிப்போட்டிருக்கிறது. அப்படியும் 2014 பிப்ரவரியில், கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளாக சிஸ்டம்டியா அப்ஸ்டார்ட்டா என்ற கேள்வியில் வாக்கு 4-4 என்று நின்றது. தலைவரின் தீர்மான வாக்கால் சிஸ்டம்டி வென்றது. அதே ஆண்டு நவம்பரில் மூன்று உறுப்பினர்கள் விலகினார்கள். அதிருப்தி அடைந்தவர்கள் தேவுவான் என்ற வேறொரு இயங்குதளமாகத் தனியாகப் பிரிந்தார்கள். உள்ளடக்கத்தைத் தீர்க்கும் குழுவுக்கு இந்த விலை உண்டு. மென்பொருளில் ஏதோ ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும், அதனால் அவர்கள் அந்த விலையைக் கொடுக்கிறார்கள். எழுத்தும் மொழிபெயர்ப்பும் நிலப்படமும் செய்யும் குழுக்கள் கொடுக்கத் தேவையில்லை.

உங்கள் நாற்பது ஐம்பது பேருக்கு வருகிறேன். நிரந்தரக் குழு இப்போதே வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் சண்டை வந்தபின் விதி எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு விதியும் யாரோ ஒருவரைக் குறிவைத்ததாகத் தெரியும். அமைதியாக இருக்கும் காலத்தில் ஒரு பக்கம் எழுதிவைத்துவிடுங்கள். ஐந்து நடுவர்கள், இரண்டு மாற்று உறுப்பினர்கள். தரப்போடு நெருக்கமான நடுவர் விலகியே ஆகவேண்டும், அந்த இடத்தில் மாற்று உறுப்பினர் வருவார், ஒற்றைப்படை குலையாது. இரண்டாண்டுப் பதவி, ஒரு வருடம் மூன்று பேரும் மறு வருடம் இரண்டு பேரும் மாறட்டும். நடுவர்களில் குறைந்தது இருவர் நிர்வாகிகளாக இல்லாதவர்கள். நிர்வாகி மேல் வரும் புகார் நேராகக் குழுவுக்கு. விண்ணப்பம் 300 சொல், சாட்சியம் 500, சாட்சியத்துக்குப் பத்து நாள், தீர்ப்புக்கு இன்னொரு பத்து நாள். தாமதமானால் எவ்வளவு நாள், ஏன் என்று குழு பகிரங்கமாக எழுதவேண்டும்; பதில் இல்லாத மௌனம்தான் தரப்புகளை அதிகம் கொதிக்கவைக்கிறது.

வாட்ஸ்அப் குழுவில் விசாரணை நடத்தாதீர்கள். செய்திகள் அழிக்கப்படும், திரைப்பிடிப்புகள் முன்பின் வெட்டப்பட்டு வரும், இரவு பதினொரு மணிக்கு நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரும் தன் தவறை ஒப்புக்கொள்ளமாட்டார். எழுத்தில், தேதியோடு, ஒரே இடத்தில் வரவேண்டும். திரைப்பிடிப்பு கொடுத்தால் அதற்கு முன்னும் பின்னும் இருந்த ஐந்து செய்திகளும் சேர்ந்தே வரவேண்டும் என்று விதியிலேயே எழுதிவிடுங்கள்.

தடை எதுவானாலும் ஆறு மாதத்துக்குப் பின் ஒரு முறை முறையிடும் உரிமை இருக்கட்டும். முறையீட்டில் பழைய வழக்கை மறுபடி வாதாட வைக்காமல், இடைப்பட்ட காலத்தில் அவர் எப்படி நடந்திருக்கிறார் என்பதை மட்டும் பாருங்கள். குழுவின் அஞ்சல் பெட்டிக்கு ஒரே கடவுச்சொல்லை ஏழு பேர் பகிர்ந்து வைத்திருக்காமல் ஒவ்வொருவருக்கும் தனி அணுக்கம் கொடுங்கள். பதவிக்காலம் முடிகிற அன்றே அந்த அணுக்கத்தை நீக்க ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள்.